கனகத்தின் சம்மதம்

மகள்,

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கடிதம் எழுதுகிற ஆளைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். ஒரு பஸ் ஏறினால் வந்துவிடலாம், தொலைபேசியை எடுத்தால் உன் குரல் கேட்கும். ஆனால் புதன்கிழமை பின்னேரம் நீ சொன்னதைக் கேட்ட பிறகு, அதே தொலைபேசியில் உனக்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரி அப்பா, ஞாயிற்றுக்கிழமை அவையளை வரச் சொல்லுங்கோ, நான் வீட்டை வந்து நிக்கிறன்" என்றாய். பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெடியன் என்ன படித்தவன், எப்படிப்பட்டவன், லண்டனில் எந்தப் பக்கம் இருக்கிறான், எதுவும் இல்லை. தொலைபேசியை வைக்கப் போகிறாய் என்று நினைத்தபோது இன்னொன்றும் சொன்னாய். "கனகம் செய்தது சரிதான் அப்பா. ஆரையோ ஒராளைக் கட்டி முடிச்சால் எல்லாரும் பேசாமல் இருப்பினம்."

நான் தொலைபேசியை வைத்ததும் சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து "என்னவாம், ஓமாமோ?" என்று கேட்டாள். "ஓமாம்" என்றேன். அவள் சாமி படத்தடிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். முழங்கால் வலியோடு அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் அண்மையில் பார்க்கவில்லை. என்னால் மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. பல்கனியில் போய் உட்கார்ந்தேன். ரயில் ஒன்று போனது, அதற்குப் பின்னால் கடல் கிடந்தது. கனகம் செய்தது சரி என்று நீ சொன்ன குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

கனகம் வருகிற, நீ வாசித்த அந்த நாவலை உனக்கே சொல்வது தேவையில்லாத வேலை. ஆனாலும் அதை நான் எப்படியெல்லாம் வாசித்தேன் என்று சொல்லவேண்டியிருப்பதால், கதையை ஒருமுறை என் வாயால் சொல்லிவிடுகிறேன். கடலோரத்து ஊர் ஒன்று. கனகத்தை அவளுடைய அத்தானுக்கென்று பேசி வைக்கிறார்கள். அவன் உழைக்க மலாயாவுக்குக் கப்பலேறுகிறான். முதலில் கடிதங்கள் வருகின்றன, பிறகு குறைகின்றன, பிறகு இல்லை. கனகம் காத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் தங்கைமார் வளர்ந்து நிற்கிறார்கள். நீதிமன்றத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் தம்பிமுத்து பெண் கேட்டு வருகிறார். கனகம் சம்மதிக்கிறாள். கலியாணம் முடிந்த கிழமையே அத்தான் பெட்டியும் கையுமாக வந்து இறங்குகிறான். கடைசி அத்தியாயத்தில் கனகம் இரண்டு ஆண்களையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திச் சோறு போடுகிறாள். அத்தான் போன பிறகு பாத்திரங்களைக் கழுவி வைக்கிறாள். அவள் என்ன நினைத்தாள் என்று எழுதியவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அதனால்தான் இத்தனை காலமாக அந்தக் கதையை வைத்துக்கொண்டு ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள்.

நான் முதலில் வாசித்தது பள்ளிக்கூட விடுதியில். எங்கள் தமிழ் மாஸ்டர் ஒரு பட்டிமன்றம் வைத்தார், கனகம் செய்தது சரியா பிழையா என்று. நான் பிழை என்ற கட்சி. மேசையில் அடித்து அடித்துப் பேசினேன். பொறுமையில்லாதவள், வாக்குத் தவறியவள், ஒரு மனிதனைக் கடல் கடக்க வைத்துவிட்டு நடுவில் கைவிட்டவள் என்றெல்லாம் கத்தினேன். விடுதி முழுவதும் கை தட்டியது. எங்கள் எல்லாருக்கும் அத்தானாக இருக்கத்தான் ஆசை. கப்பலில் போய், பெட்டியோடு திரும்பி வந்து, ஏமாந்து நிற்கிற அந்த அழகு அந்த வயதுக்குப் பிடித்திருந்தது. எதிர்க்கட்சிக்காரனும் கனகத்தின் தங்கைமாரைப் பற்றித்தான் பேசினான். தம்பிமுத்தரைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு மனிதர் கதையில் இருக்கிறார் என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை.

பிறகு வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்தேன். கோட்டையில் ஒரு கட்டட நிறுவனத்தில் படம் வரைகிற வேலை, வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சாப்பாட்டோடு அறை. அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளித்தான் உன் அம்மாவின் வீடு. அவளுடைய அப்பா என் வீட்டுக்காரர் மூலமாகக் கலியாணப் பேச்சைக் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எல்லாரும் இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா தன் அப்பாவைப் பார்த்து, "நான் இவரோட தனியக் கொஞ்சம் கதைக்கவேணும்" என்றாள். அந்த நாளில் அப்படிக் கேட்கிற பெண்ணை நான் கண்டதில்லை. அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். அவர் ஒரு பக்கமும் புரட்டாமல் காதை எங்கள் பக்கம் வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு ஆரும் சொல்லிச்சினமோ தெரியாது" என்று அம்மா தொடங்கினாள். "என்ர அத்தான் ஒராள் ஜேர்மனியிலை இருக்கிறார். அவருக்கெண்டுதான் என்னைப் பேசி வைச்சது. நானும் விருப்பத்தோடதான் இருந்தனான். இப்ப அவரின்ர கடிதம் வாறேல்லை. இதெல்லாம் தெரிஞ்சுகொண்டு கட்டுறதெண்டால் கட்டுங்கோ. பிறகு ஒருநாள் வந்து, எனக்குச் சொல்லேல்லை எண்டு நிக்கக்கூடாது."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

"நல்லா யோசியுங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டாள்.

யோசிக்கிறேன் பேர்வழி என்று நான் முதலில் செய்த காரியம், அடுத்த நாள் வேலை முடிந்து மருதானைக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் அந்த நாவலைத் தேடியதுதான். முன் அட்டை இல்லாத ஒரு பிரதி கிடைத்தது. நீ கொண்டுபோனதும் அதைத்தான். இந்த முறை எனக்கு அத்தானும் வேண்டாம், கனகமும் வேண்டாம். தம்பிமுத்தர் எங்கே என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். அவரிடம் ஒரு குடை இருந்தது. வெள்ளை மேற்சட்டை இருந்தது. பொழுதுபட முதல் வேலையால் வருகிறார், கிணற்றடியில் கால் கழுவுகிறார். அவருக்கு எழுதியவர் கொடுத்த பேச்சு ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். இந்தப் பெண் இன்னொருவனுக்காகக் காத்திருந்தவள் என்று அவருக்குத் தெரியுமா, தெரிந்தால் அவருக்கு வலித்ததா, ஒன்றும் இல்லை. கனகம் அவரை ஒரு நாளாவது விரும்பினாளா என்று பார்க்கத்தான் நான் உண்மையில் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். அதற்கு அதில் பதில் இல்லை. கலியாண அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டேன். எழுதியவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

ஆனாலும் போய்ச் சம்மதம் சொன்னேன். ஏன் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது, அம்மாவின் தலைமயிரைப் பார்த்து என்று பகிடி விட்டிருக்கிறேன். உண்மை அதில்லை. தனக்கு நட்டம் வரக்கூடிய ஒரு உண்மையை முன்பின் தெரியாத ஒருவனுக்கு நேரே சொல்லக்கூடிய ஆளோடு இருந்தால், வாழ்க்கையில் மற்றப் பயங்கள் குறையும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அதைக் காதல் என்று சொல்ல எனக்கு அப்போது துணிவில்லை.

முதல் வருடம் நாங்கள் விருந்தாளிகள் மாதிரித்தான் இருந்தோம். அவள் மரியாதையாகச் சோறு போடுவாள், நான் மரியாதையாகச் சாப்பிடுவேன். ஒருநாள் அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று, வேலைத்தலத்து நண்பனின் வான் வண்டியில் விடியப் போய் மொத்தச் சந்தையில் ஒரு பாரை மீனை முழுதாக வாங்கி வந்துவிட்டேன். குசினி மேசையில் வைத்தால் தலை ஒரு பக்கம் தொங்குகிறது, வால் ஒரு பக்கம் தொங்குகிறது. வீட்டில் இருந்த கத்தி அதன் செதிலுக்குள்ளேயே இறங்கவில்லை. கடைசியில் நான் பெஞ்சு செய்ய வைத்திருந்த மரம் அறுக்கிற வாளைக் கழுவிக்கொண்டு வந்து அறுக்கத் தொடங்கினேன். அம்மா மீனின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை நிறுத்த முடியாமல் குசினி நிலத்திலேயே இருந்துவிட்டாள். மீன் அவள் மடியில் விழுந்தது. அன்றைக்கு ஒழுங்கை முழுவதற்கும் மீன் கொடுத்தோம். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதன் பிறகு இந்த வீட்டில் விருந்தாளிகள் இல்லை.

பாலேந்திரன் மாமா வந்தது உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். பெரிய சொக்லேற் டின் ஒன்று கொண்டுவந்தாரே, நீ அதை ஒருவருக்கும் கொடாமல் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தாய். நாட்டில் சண்டை கொஞ்சம் ஓய்ந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் வந்து போகத் தொடங்கிய காலம் அது. அவர்தான் அம்மாவின் அந்த அத்தான். உனக்கு அதை நாங்கள் சொல்லவில்லை. வாசலில் அவரைக் கண்டபோது, பெட்டியோடு வந்து இறங்குகிற ஒரு கதாநாயகனைத்தான் நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். முன்தலை வழுக்கை விழுந்த, முதுகு கொஞ்சம் கூனிய ஒருவர், சப்பாத்தை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் நின்றார்.

அம்மா எங்கள் இருவரையும் இருத்திச் சாப்பாடு போட்டாள். மகள், அந்த நாவலின் கடைசி அத்தியாயத்துக்குள் என்னைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் இருக்கிறேன் என்பதையும் பாராமல் அவர் கேட்டார், "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமே?"

அம்மா கறிச்சட்டியை மேசையில் வைத்தாள். "பொறுத்தனான் அத்தான். நீங்கள் எழுதாமல் விட்டாப் பிறகும் தபால்காரன்ர மணிச் சத்தம் கேட்டால் எழும்பி ஓடிக்கொண்டுதான் இருந்தனான். ஒருநாள் மணிச் சத்தம் கேட்டுது, நான் எழும்பேல்லை. தைச்சுக்கொண்டிருந்ததைத் தைச்சுக்கொண்டே இருந்தன். அண்டைக்கு எனக்கு விட்டுப்போச்சு. இவர் அதுக்குப் பிறகுதான் வந்தவர். உங்களிலை கோவிச்சோ, காத்திருந்து களைச்சோ நான் இவரைக் கட்டேல்லை." பிறகு, "மீன் இன்னும் ஒரு துண்டு வைக்கட்டோ?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். வைத்தாள்.

அவரைக் காலி வீதி பஸ் தரிப்புவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, "எழுத ஒண்டும் இருக்கேல்லை" என்றார். "அகதிக் காம்பிலை இருந்தனான். கேஸை நிராகரிச்சுப் போட்டாங்கள். பிறகு ஒரு ஹோட்டல் குசினியிலை கள்ளமாய் வேலை. என்னத்தை எழுதுறது? நல்லா இருக்கிறன் எண்டு எழுதிப் பழகினாப் பிறகு, இல்லையெண்டு எழுதக் கை வரேல்லை." பஸ் வந்தது. ஏறினார். அந்தக் கிழமை நான் மூன்றாம் முறை நாவலை வாசித்தேன், இந்த முறை கடைசிவரை. பள்ளிக்கூடத்தில் நான் அழகாக நினைத்த அத்தானை அதில் காணவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து காட்ட வெட்கப்படுகிற ஒரு மனிதன்தான் இருந்தான். வரிகள் அதே வரிகள். நான்தான் அவனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்திருந்தேன்.

இனி உன் வாசிப்புக்கு வருகிறேன். கலியாணப் பேச்சால் வந்த சண்டைக்குப் பிறகு, துறைமுகத்தடியில் வேலை, போய்வரக் கஷ்டம் என்று ஒரு சாட்டுச் சொல்லி நீ கொட்டாஞ்சேனையில் அறை எடுத்தாய். போகும்போது இந்தப் புத்தகத்தையும் என் அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாய். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை வந்து செருப்பைக் கழற்ற முதலே சத்தம் போட்டாய். "என்ன அப்பா இந்தக் கதை? ரெண்டு பேரிலை ஒராளை எடுக்கத்தான் வேணுமெண்டு ஆர் சொன்னது? அந்தக் கனகத்துக்கு ஒரு வேலை குடுத்திருந்தால் கதை பத்துப் பக்கத்திலை முடிஞ்சிருக்கும்!" நான் எவ்வளவு சிரித்தேன் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருடமாக நான் அந்தப் புத்தகத்துக்குள் ஆண்களையே தேடிக்கொண்டிருந்தேன். நீ வந்து சன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு நீ சொன்னதோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. ஆனால் சொன்ன பெண் நன்றாக நித்திரை கொண்டு எழும்பியவளாக இருந்தாள்.

புதன்கிழமை சொன்னவள் வேறு ஆள். அந்த வாசிப்பை மாற்றியது நாவல் இல்லை, நாங்கள்தான். லண்டன் மாமி கிழமைக்கொரு மாப்பிள்ளைப் படம் அனுப்புவாள், அம்மா அதை உனக்கு அனுப்புவாள். நீ பதில் போடாவிட்டால் நான் தொலைபேசி எடுத்து, வேறு ஏதோ கதைக்கிற மாதிரிக் கடைசியில் அதற்கு வருவேன். லிஃப்டில் மேல்மாடிக்காரி, "மகள் ஏன் தனிய இருக்கிறா?" என்று கேட்பாள். சாத்திரி ஒரு கிரகம் சொல்லுவார். முப்பது தாண்டிய பிறகு உன்னிடம் ஒருவரும் உன்னைப் பற்றி வேறெதுவும் கேட்டதில்லை. எனக்கே இது அலுத்துப்போனது. கதைத்துக் கதைத்து என் நாக்கே மரத்துப்போனது. அப்படியென்றால் கேட்டுக்கொண்டிருந்த உனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆரையோ ஒராளைக் கட்டி முடிச்சால் எல்லாரும் பேசாமல் இருப்பினம் என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால், அவள் கலியாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. எங்கள் வாயை மூடத்தான் வழி பார்க்கிறாள்.

நேற்றுக் காலையில்தான் இதை அம்மாவுக்குச் சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமைக்கென்று பலகாரத்துக்கு உழுந்து அளந்துகொண்டிருந்தாள். நீ சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். கை அப்படியே நின்றது.

"அவள் அப்பிடியோ சொன்னவள்?"

"ஓம்."

"நான் உங்களை அப்பிடிக் கட்டேல்லையே. அவளுக்கு அது தெரியாதோ?"

"ஆர் சொன்னது அவளுக்கு?"

அம்மா உழுந்துப் போத்தலைக் கிட்ட இழுத்தாள். பிறகு, "எனக்கு உந்தக் கதை எப்பவும் பிடிக்கிறேல்லை" என்றாள். நான் அவளுக்கு வாசிக்கக் கொடுத்த நாளிலிருந்து அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்தப் பெட்டை முழுக் கதையிலையும் ஒரு இடத்திலையாவது சிரிக்கிறாளோ, பாருங்கோ. மூண்டு தரம் வாசிச்சனீங்கள்தானே. அவளுக்குத் தம்பிமுத்தரைப் பிடிச்சுதோ இல்லையோ எண்டு இதுக்குமேலை என்னத்தைத் தேடுறியள்?" சொல்லிவிட்டு உழுந்தைத் திரும்பப் போத்தலுக்குள் கொட்டினாள். "லண்டனுக்கு உங்கட அக்காவுக்குப் போன் எடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் சொன்னனான் எண்டும் சொல்லுங்கோ."

லண்டன் மாமியை உனக்குத் தெரியும்தானே. "உனக்கென்ன விசரே? பெடியனும் தாயும் வந்து தெஹிவளையிலை நிக்கினம். நான் என்ன முகத்தோட சொல்லுறது? இனி உன்ர பெட்டைக்கு நான் ஒண்டும் பார்க்கமாட்டன், விளங்குதோ?" என்றாள். "விளங்குது அக்கா" என்றேன். "பிறகு அழுதுகொண்டு வரக்கூடாது" என்றாள். அதற்கும் சரி என்றேன். அவள் வைத்த பிறகு சோபாவில் சாய்ந்தேன். தம்பியாக அறுபத்தேழு வயதுவரை இருந்துவிட்டேன், அவளோடு முதல்முறை ஒத்துப்போகாதது நேற்றைக்குத்தான். அதற்கே மேல்மூச்சு வாங்கியது.

பின்னேரம் தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. அந்தப் பெடியன்தான். அவனுடைய தாய் கோபத்தில் இருப்பாள், அவனும் பேசப் போகிறான் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கத் தயாராக எழும்பி நின்றேன். "அங்கிள், தாங்ஸ்" என்றான். எனக்கு விளங்கவில்லை. "இந்த லீவிலை எத்தினை வீடு ஏறி இறங்கிப் போட்டன். எல்லா வீட்டிலையும் கேக் தாறினம். எல்லாப் பிள்ளையளும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கினம். என்னாலை ஏலாது எண்டு அம்மாவுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள்தான் முதல் ஆள், வராதையுங்கோ எண்டு சொன்னது." நான், "கடலிலை குளிச்சனீரோ, தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்றான். வந்து இறங்கிய நாளிலிருந்து நேரமே இல்லையாம். "போய்க் குளியும், தெஹிவளையிலை கடல் வாசலிலைதான் இருக்கு" என்றேன். சிரித்தான். நல்ல சிரிப்பு. அவனுடைய இலக்கம் என் தொலைபேசியில் இருக்கிறது. உனக்கு எப்போதாவது வேண்டுமென்றால் நீயே கேள். கேளாவிட்டால் அது அப்படியே கிடக்கட்டும். நானாக அதைப் பற்றி இனிக் கதைக்கமாட்டேன், அம்மாவும் கதைக்கமாட்டாள். மேல்மாடிக்காரியின் வாய்க்கு மட்டும் என்னால் பொறுப்பு நிற்க முடியாது.

நீ ஆரையாவது கட்டவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. எங்களுக்கு வயது போகிறது, நீ தனியே நிற்பாயே என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் நீ ஓம் என்று சொன்னால், அதை நல்லாய் நித்திரை கொண்டு எழும்பிய ஒரு காலையில் சொல். இல்லை என்று சொல்வதையும் அப்படியே சொல்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒருவரும் வரமாட்டார்கள். அம்மா அன்றைக்குச் சமைக்கப் போவதில்லையாம், கடையில் இடியப்பம் எடுப்போம் என்கிறாள். சாப்பிட்டுவிட்டு, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் பின்னேரம்வரை படுக்கப் போகிறோம். வர விருப்பமென்றால் வா, உன் கட்டில் விரித்தபடி இருக்கிறது. வர அலுப்பாக இருந்தால் வராதே. கொட்டாஞ்சேனையிலேயே கதவைச் சாத்திவிட்டு, ஒருவருக்கும் மறுமொழி சொல்லாமல், நீயும் படு.

அப்பா